பழைய வீட்டு மரத்தில் செய்த அலங்காரப் பொருட்களைத் தேர்ந்து சேர்ப்பது எப்படி?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இரண்டு வகை மரப் பொருட்கள் அருகருகே கிடக்கின்றன. இடிக்கப்பட்ட வீட்டிலிருந்து கழற்றி அப்படியே கொண்டுவந்த போதிகை (தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் கட்டை), நிலை (கதவுச் சட்டம்), தூண் ஆகியவை ஒரு வகை. அத்தகைய வீட்டின் உத்திரத்தையோ உடைந்த கதவையோ அறுத்து, அண்மையில் ஒரு தச்சர் செதுக்கிய கண்ணாடிச் சட்டம், சுவர்ப்பலகை, விளக்குத் தாங்கி போன்றவை மற்றொரு வகை. இரண்டாவது வகையைக் குறைவாக மதிக்க வேண்டியதில்லை. ஆனால் அதில் மரத்தின் வயது வேறு, வேலைப்பாட்டின் வயது வேறு என்பதால், கடைக்காரரிடம் இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும். "நூறு வருடப் பொருள்" என்ற ஒற்றைப் பதிலை ஏற்றுக்கொள்ளக் கூடாது.

செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் பர்மாவில் வட்டித்தொழில் செய்த காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், கப்பலில் வந்திறங்கிய தேக்கே அவர்களுடைய இந்த வீடுகளின் பெரும்பகுதி மரம். இலங்கையின் முதிரை மரமும் சில வீடுகளில் உண்டு. இயற்கைக் காட்டில் மெதுவாக வளர்ந்து, வைரம் பாய்ந்து, பல பத்தாண்டுகள் கூரையின் கீழ் உலர்ந்த கட்டை என்பதால் அது புதுத் தேக்கைப் போல எளிதில் முறுக்கிக்கொள்வதில்லை, நுண்ணிய செதுக்கலையும் தாங்கும்.

வியாபாரி முகப்பைத்தான் காட்டுவார். நீங்கள் பொருளைத் திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள். தேக்கில் நெடுங்காலம் இருந்த இரும்பு ஆணியைச் சுற்றிக் கறுப்புக் கறை ஊறியிருக்கும். அந்தக் கறை மரத்துக்குள்ளும் இறங்கியிருந்தால் மரம் பழையது என நம்பலாம். பழைய ஆணித்துளை ஒரு பூவிதழின் நடுவே பொருத்தமின்றிக் குறுக்கிட்டால், மரம் பழையதான பின்னர்தான் செதுக்கல் வந்திருக்கக்கூடும். இது குறையன்று, தேதி சொல்லும் சான்று. பின்புறத்து ரம்பத் தடத்தில் சீரான வளைகோடுகள் தெரிந்தால் இயந்திர வட்ட ரம்பத்தால் அறுத்தது. பழைய முறைப்படி ஆள் இழுத்து அறுத்த பலகையில் கோடுகள் நேராகவும் இடைவெளி ஒழுங்கற்றும் இருக்கும். மறைவான ஓரிடத்தில், கடைக்காரரின் அனுமதியுடன், டர்பன்டைன் தொட்ட வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள்; பழுப்பு நிறம் தாராளமாகத் துணியில் ஏறினால், பழமை பூசப்பட்டிருக்கக்கூடும். கடைசல் (கடைந்து உருட்டிய) தூணின் குறுக்களவை இரு திசைகளில் அளந்தால், பழையது பெரும்பாலும் சற்றே நீள்வட்டமாகியிருக்கும், ஏனெனில் மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை.

எந்தச் சோதனையும் தனியே தீர்ப்பாகாது. இரண்டு மூன்று ஒத்துப்போனால் போதும்.

தேர்வில் என் விருப்பம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பொருத்துத் துளையையும் பழைய பெயின்ட் அடுக்கையும் மறைக்காமல், அவற்றையே அமைப்பின் பகுதியாக்கிக்கொண்ட வேலைப்பாடே சேகரிப்புக்கு உகந்தது. துளைகளைப் பட்டியால் அடைத்துப் பளபளவென்று பாலீஷ் ஏற்றியதைப் புது மரத்திலேயே செய்திருக்கலாம். அதற்குப் பழைய மரத்தின் விலை கொடுப்பானேன்?

உளுத்தலை வாங்குமுன் கவனியுங்கள். தேக்கின் வைரப்பகுதியைப் பூச்சி அரிதாகவே தொடும். வெளுத்த ஓரப்பகுதியிலும் மலிவான மரங்களிலும்தான் சிறு வட்டத் துளைகள் வரும். துளையின் உட்புறம் வெளுத்திருந்து, தட்டினால் மாவு கொட்டினால் பூச்சி இன்னும் உயிருடன் இருக்கக்கூடும்; அதை மற்ற பொருட்களுடன் சேர்க்காதீர்கள். வாங்கிய எதையும் சில வாரம், மாவு விழுந்தால் தெரியும்படி, கறுப்புத் தாளின் மேல் தனியே வைத்துப் பார்ப்பது நல்லது. பழைய எண்ணெய்ப் பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உப்புத்தாள் போடாமல் ஈரத்துணியால் மட்டும் துடைக்க வேண்டும். ஏசி காற்று நேராகப் படும் சுவரையும் வெயில் விழும் சன்னலையும் தவிர்த்தால் பராமரிப்பு பெரும்பாலும் முடிந்தது. ஆளிவிதை எண்ணெய் பூசுவோர், நனைந்த துணியைக் கசக்கி மூலையில் போடக் கூடாது. அது தானே சூடேறித் தீப்பிடிக்கும்.

தேர்ச் சிற்பம், வாகனத்தின் துண்டு போன்ற கோயில் பொருட்கள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். அவை திருட்டுப் பொருளாக இருக்கலாம். மற்றவற்றுக்கு மரம் எது, எந்த உறுப்பிலிருந்து எடுத்தது, செதுக்கியது எப்போது என்ற மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். நூறாண்டுக்குக் குறையாத கலைப்பொருள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருளாகும். தனிநபர் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. புதிய வேலைப்பாடு அதில் அடங்காது என்றாலும் சுங்க அலுவலர் பார்வையில் பழையதாகத் தோன்றலாம். எனவே வெளிநாட்டுக்கு அனுப்புமுன் இந்தியத் தொல்லியல் துறையிடம் அது தொல்பொருளன்று என்ற சான்றிதழ் பெற வேண்டும். ஈட்டி மரமானால், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்த விதிகளையும் சேர்த்து விசாரித்துக்கொள்ள வேண்டும்.