படத்தை நடுவில் வையுங்கள்

பாலீர்ப்பிலோ பாலின அடையாளத்திலோ பெரும்பான்மையிலிருந்து வேறுபட்ட, அதாவது பால்புதுமை (குயர்) கலைஞர் ஒருவரோடு ஒளிப்படம் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்றால், "உங்களை நீங்கள் எப்போது உணர்ந்தீர்கள்?", "வீட்டில் எப்படி எடுத்துக்கொண்டார்கள்?" என்ற இரண்டு கேள்விகளையும் உங்கள் தாளில் முதலில் அடித்துவிடுங்கள். இவற்றுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவர்களுக்குச் சலித்திருக்கும். பதிலும் கைவசம் இருக்கும்: கொஞ்சம் வலி, நடுவில் ஒரு சிரிப்பு, கடைசியில் நம்பிக்கை. யாரிடம் கேட்டாலும் ஒரே பேட்டிதான் கிடைக்கும். ஒளிப்படக்காரரிடம் வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து வருவது என்ன பேட்டி?

கலைஞர்களோடு பேசி எழுதுவது என் வேலை. நான் செய்வது இவ்வளவுதான்: அவர் எடுத்த ஒரு படத்தை நடுவில் வைத்து, அதைப் பற்றிக் கேட்கத் தொடங்குவேன். வாழ்க்கைக் கதை அதன் வழியாக வரும். வராவிட்டால் அது அவர் இஷ்டம். பேசுவதற்குப் படம் இருக்கிறதே.

அதற்கு முன்னால் நீங்கள் அந்தப் படத்தோடு உட்கார வேண்டும். மற்றவர்கள் எடுத்த பழைய பேட்டிகளை நான் கடைசியில்தான் படிப்பேன். முதலிலேயே படித்தால் அவர்கள் கேட்டதையே நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு படத்தை எடுத்து, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். யார் எங்கே நிற்கிறார், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, பார்வை எங்கே போகிறது, ஓரத்தில் எது வெட்டுப்பட்டிருக்கிறது. 'துணிச்சல்', 'அடையாளம்', 'கொண்டாட்டம்' என்று எழுத வந்தால் நிறுத்திவிட்டு மறுபடி படத்தைப் பாருங்கள்.

அமெரிக்க ஒளிப்படக்காரர் கேத்தரின் ஓபி 2004ல் எடுத்த தன்னுருவப் படம் ஒன்று இதற்கு நல்ல பயிற்சி. குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பார்த்தவுடன் மரபான தாய்–சேய் ஓவியம் போலத்தான் தெரியும். இன்னும் கொஞ்ச நேரம் பாருங்கள். மார்புக்கு மேலே தோலில் மங்கிய எழுத்துகள் இருக்கும். 1994ல் வேறொரு தன்னுருவப் படத்துக்காக அதே இடத்தில் ஒரு வசைச்சொல்லைக் கீறியிருந்தார்; அதன் தழும்பு அது. அவசரமாகப் பார்த்தவர் "தாய்மை உங்களுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பார். நின்று பார்த்தவர் "அந்தத் தழும்பு எவ்வளவு தெரிய வேண்டும் என்று விளக்கு வைக்கும்போது யோசித்தீர்களா?" என்று கேட்பார். இரண்டாவது கேள்வியிலேயே பத்தாண்டு வாழ்க்கை இருக்கிறது. ஆனால் கேட்டது விளக்கைப் பற்றி. எவ்வளவு திறப்பது என்பதைப் பதில் சொல்பவர் முடிவு செய்துகொள்ளலாம்.

நேரில் இது எப்படி நடக்கும் என்பதற்கு என் குறிப்பேட்டிலிருந்து ஒன்று சொல்கிறேன். படிக்கட்டில் ஒருவர் உட்கார்ந்திருக்கும் கறுப்பு–வெள்ளைப் படம். அவர் தோளில் இன்னொருவரின் கை. மணிக்கட்டோடு சட்டகம் முடிந்துவிடுகிறது. "இந்தக் கை ஏன் இங்கே வெட்டுப்படுகிறது?" என்று கேட்டேன். கலைஞர் முதலில் தொழில்நுட்பத்தில்தான் ஒதுங்கினார்: பின்னால் சுவர், ஓர் அடிகூட நகர இடமில்லை, லென்ஸும் அகலமானதில்லை. நான் தலையாட்டிவிட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பொறுத்து அவரே சொன்னார்: "அவங்களுக்குப் படத்துல இருக்க விருப்பமில்லை. ஆனா பக்கத்துல இருக்கணும்னு இருந்தது." அப்புறம் கேட்டேன், பிரிண்ட் போடும்போது கையை நீக்கிவிடலாம் என்று தோன்றியதா என்று. "நீக்கிப் பார்த்தேன். படம் செத்துப்போச்சு."

இதில் நான் கேட்டவை இரண்டே கேள்விகள், இரண்டும் சட்டகத்தைப் பற்றியவை. நடுவில் இருந்த மௌனத்தை நான் நிரப்பவில்லை. பேட்டி எடுப்பவருக்கு அதுதான் கஷ்டமான வேலை. மௌனம் வந்தால் அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். இரண்டு பேரும் பார்க்க ஒரு படம் இருப்பதால் அந்த மௌனம் உறுத்தவும் செய்யாது. முகத்துக்கு முகம் உட்காராமல் மேசையின் ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் இன்னும் நல்லது. முடிந்தால் அச்சுப் பிரதியாக வையுங்கள். போனில் காட்டினால் விரல் தானாக அடுத்த படத்துக்குத் தள்ளும்.

பேச்சு நின்றுபோனால் என்னிடம் ஒரு கேள்வி உண்டு: "நேற்று என்ன செய்தீர்கள்?" இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1974 டிசம்பரில் லிண்டா ரோசன்கிராண்ட்ஸ் என்ற எழுத்தாளர், நியூயார்க் ஒளிப்படக்காரர் பீட்டர் ஹூஜாரை உட்காரவைத்து, முந்தைய நாள் முழுக்க என்ன செய்தார் என்று கேட்டு ஒலிநாடாவில் பதிந்தார். கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க்கைப் படமெடுக்கப் போனது, வந்த தொலைபேசி அழைப்புகள், பகல் தூக்கம், பணக் கணக்கு என்று அவரும் சொல்லிக்கொண்டே போனார். கலை என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. அந்த உரையாடலின் எழுத்துப்படி 2021ல் புத்தகமாக வந்தது; ஒரு கலைஞரின் நாளை அதைவிட நெருக்கமாகச் சொன்ன பேட்டியை நான் படித்ததில்லை. ஹூஜார் 1987ல் எய்ட்ஸ் தொடர்பான நோயில் இறந்துவிட்டார். அந்தத் தலைமுறையில் பலரிடம் இப்படிக் கேட்க யாரும் இருக்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

செய்முறை பற்றிய கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். எடுத்ததில் எதைத் தள்ளினீர்கள், ஏன்? கேமராவை வெளியே எடுப்பதற்கு முன் எவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தீர்கள்? முதல் பிரதியை யாருக்குக் காட்டுவீர்கள்? ஷட்டரை அழுத்தியது யார்? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும், ஆனால் அதில் பெரிய விஷயம் இருக்கிறது. பிரெஞ்சுக் கலைஞர் கிளாட் காஹூனின் தன்னுருவப் படங்கள் என்று நாம் சொல்கிறவற்றில் பலவற்றை எடுக்கும்போது கேமராவுக்குப் பின்னால் அவருடைய வாழ்க்கைத் துணை மார்செல் மூர் இருந்தார். ஒருவர் பெயரில் நிற்கும் கலையில் இருவர் கை இருப்பது இந்த வரலாற்றில் புதிதில்லை. காதலர், நண்பர், அறைத்தோழர் என்று யாராவது விளக்கைப் பிடித்திருப்பார்கள். கேட்டால்தான் அந்தப் பெயர் வெளியே வரும். சொல்லலாமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பண்பாடு பற்றிய கேள்விகளில்தான் பலரும் வழுக்குகிறார்கள். "உங்கள் சமூகம் உங்களை ஏற்கிறதா?" என்று கேட்டால், கலைஞர் தன் மக்கள் எல்லாருக்கும் சேர்த்துச் சாட்சி சொல்ல வேண்டியதாகிறது. ஒளிப்படக்காரர் ரோட்டிமி ஃபானி-கயோடேயை எடுத்துக்கொள்ளுங்கள். நைஜீரியாவின் லாகோஸில் 1955ல் பிறந்து, போரினால் குடும்பத்தோடு பிரிட்டனுக்குப் போய், அங்கேயே 1989ல் இறந்தவர். தான் மூன்று வகையில் வெளியாள் என்று எழுதினார்: பாலீர்ப்பில், இடமும் பண்பாடும் பெயர்ந்ததில், பெற்றோர் எதிர்பார்த்தபடி மணமுடித்த மரியாதையான உத்தியோகஸ்தராக ஆகாததில். மூன்றையும் ஒரே வரிசையில் வைக்கிறார் பாருங்கள்; மூன்றாவதில் ஒரு குறும்பும் இருக்கிறது. அந்த நாட்டின் யோருபா மக்களுடைய சடங்குகளின் முகமூடியும் உடலும் அவர் படங்களில் வருகின்றன. இப்படிப்பட்டவரிடம் "இந்த முகமூடியை முதலில் எங்கே பார்த்தீர்கள்? படத்துக்குள் கொண்டுவந்தபோது எதை மாற்றினீர்கள்?" என்று கேட்பதுதான் பண்பாட்டுக் கேள்வி. பொருளைக் கேளுங்கள், சமூகம் தானாகப் பேச்சில் வந்துவிடும்.

படத்தில் இருப்பவர்களைப் பற்றி யோசிக்காமல் இந்த வேலையைச் செய்யவே கூடாது. கலைஞர் வெளிப்படையாக இருக்கலாம். படத்தில் இருப்பவர் வேலையிடத்தில் சொல்லாமல் இருக்கலாம். ஒளிப்படக்காரர் சுனில் குப்தா 1986–87ல் டெல்லியில் தன்பாலீர்ப்பு ஆண்களைப் படமெடுத்தபோது தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு நடப்பில் இருந்தது. உச்ச நீதிமன்றம் வயதுவந்தோரின் விருப்ப உறவை அதிலிருந்து விடுவித்தது 2018 செப்டம்பர் 6 அன்றுதான். எனவே அவர் ஒளிந்திருந்து எடுக்கவில்லை. சம்மதித்தவர்களோடு சேர்ந்து இந்தியா கேட், ஹுமாயூன் கல்லறை போன்ற இடங்களில் காட்சியை அமைத்து எடுத்தார். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். படத்தின் கீழே பேச்சு வரிகள் வரும். முகம் எவ்வளவு தெரிகிறது என்பது அங்கே அழகியல் முடிவாகவும் பாதுகாப்பு முடிவாகவும் ஒன்றாகவே இருக்கிறது. தென்னாப்பிரிக்க ஒளிப்படக்காரர் ஜனேலே முஹோலி 2006 முதல் எடுத்துவரும் உருவப்படத் தொடரில் இருப்பவர்களைப் பங்கேற்பாளர்கள் என்றே அழைக்கிறார். ஆண்டுகள் கழித்து அவர்களிடமே திரும்பிப் போகிறார். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் கேளுங்கள்: இவர் பெயரைப் போடலாமா? இந்தப் படம் இந்தக் கட்டுரையோடு வருவது இவருக்குத் தெரியுமா? காட்சிக்கூடச் சுவருக்குக் கொடுத்த சம்மதம் இணையத்துக்கும் சேர்த்துக் கொடுத்த சம்மதம் ஆகாது.

ரெக்கார்டர் விஷயம் எளிது. மேசைமேல் தெரியும்படி வையுங்கள், நிறுத்தும் பொத்தானை அவர் பக்கம் திருப்பி வையுங்கள். "இது வெளியே வேண்டாம்" என்று அவர் சொன்னால், எழுத மாட்டேன் என்று உறுதி கொடுத்தால் மட்டும் போதாது, பதிவையே நிறுத்துங்கள். சொல்லி முடித்தபின் சொன்னால் அந்தப் பகுதியை அவர் முன்னாலேயே அழியுங்கள். கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது ஆள் பெயர் போடாதீர்கள். 2012ல் முஹோலியின் வீட்டில் திருட்டு நடந்தபோது ஹார்டு டிரைவுகளோடு அவற்றின் காப்புப் பிரதிகளும் சேர்ந்தே போயின. பல ஆண்டு உழைப்பு போயிற்று. காப்புப் பிரதியை வேறு வீட்டில், கடவுச்சொல் போட்டு வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

பெயரும் விளிக்கும் முறையும் ஒரே நிமிட வேலை. அச்சில் எந்தப் பெயர், எந்த எழுத்துக்கூட்டல், தன்னை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேட்டு, பதிவில் அவர் குரலிலேயே சொல்லவையுங்கள். பழைய பெயரை அவராகச் சொன்னாலும் எழுத வேண்டாம். நீங்களும் பால்புதுமையராக இருந்தால் பேச்சு சீக்கிரம் இளகும், ஆனால் "நமக்குத்தான் தெரியுமே" என்று இருவரும் பாதியில் விட்டுவிடும் வாக்கியங்கள் வாசகருக்குப் புரியாது. அங்கே மட்டும் நிறுத்தி முழுசாகச் சொல்லவையுங்கள்.

இன்னொன்று. ஜூன் மாதம் போகாதீர்கள். பால்புதுமையரைக் கொண்டாடும் பிரைடு மாதம் என்று அப்போது எல்லாரும் அழைப்பார்கள், பெரும்பாலும் காசு கொடுக்காமல். மற்ற மாதங்களில் போனால் ஆறுதலாகப் பேசலாம். பணம் தர முடியுமா, முடியாதா என்பதைக் கூச்சப்படாமல் முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

எழுதும்போது, கட்டுரை முழுவதையும் காட்ட வேண்டுமா என்று தொழிலில் பழைய வாதம் உண்டு. என் முடிவு இது: அவர் சொன்னவை எல்லாவற்றையும் அவருக்கு அனுப்புவேன், நான் சொல்பவற்றை அனுப்ப மாட்டேன். அவர் வாக்கியத்தை அவர் மாற்றலாம், நீக்கலாம். அவர் படத்தைப் பற்றிய என் கருத்து என்னுடையது. தலைப்பை மட்டும் விதிவிலக்காகக் காட்டிவிடுவேன், ஏனென்றால் கட்டுரையைப் படிக்காத உறவினர்கள் தலைப்பைப் படிப்பார்கள். படத்தை வடிவமைப்புக்காக வெட்டக் கூடாது என்று பக்கம் அமைப்பவரிடம் எழுத்தில் கொடுங்கள்; மேலே சொன்ன கை யாருக்கும் தெரியாமல் காணாமல் போவது அங்கேதான். பார்வையற்ற வாசகருக்காகப் பட விளக்கம் எழுதும்போது ஆணா பெண்ணா என்று ஊகிக்காதீர்கள். "குட்டை முடி, கோடு போட்ட சட்டை, கேமராவை நேராகப் பார்க்கிறார்" போதும்.

வெளியான பிறகும் வேலை இருக்கிறது. ஆண்டுகள் கழித்து, படத்தில் இருக்கும் ஒருவர் தன் படத்தை எடுத்துவிடச் சொல்லிக் கேட்கலாம். காரணம் கேட்காதீர்கள். கலைஞருக்கு ஒரு வரி எழுதித் தெரிவித்துவிட்டு அன்றைக்கே நீக்குங்கள். படம் இருந்த இடத்தில் "கேட்டுக்கொண்டதால் நீக்கப்பட்டது" என்று குறிப்பும் போட வேண்டாம். அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் யார் அது என்று தேடத் தொடங்குவார்கள். மேல் பத்தியையும் கீழ்ப் பத்தியையும் சேர்த்துவிட்டு, அந்தப் படத்தைப் பற்றிப் பேசும் வாக்கியங்கள் வேறெங்காவது மிச்சமிருக்கின்றனவா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.