பழைய போர்ஷே 911-ல முன் கண்ணாடி ரப்பர் மாத்துறது

1964-லேருந்து 1989 வரைக்கும் வந்த 911-ல முன் கண்ணாடி பசையில ஒட்டுனது இல்ல, சுத்தி இருக்குற ரப்பர் சீல்தான் பிடிச்சு வெச்சிருக்கும். ரப்பர் காஞ்சு வெடிச்சிருந்தா மாத்திடுங்க, இல்லன்னா தண்ணி உள்ள இறங்கி கீழ் மூலை ரெண்டும் துருப்பிடிச்சிடும்.

வைப்பரை கழட்டிட்டு பழைய ரப்பரை வெளிப்பக்கமா பிளேடு வெச்சு வெட்டி எடுங்க, நெம்பி எடுக்கவே எடுக்காதீங்க, லேமினேட்டட் கண்ணாடி (நடுவுல பிளாஸ்டிக் படலம் வெச்சு ஒட்டுன ரெண்டடுக்கு கண்ணாடி) ஓரத்துல கொஞ்சம் அழுத்தம் பட்டாலும் விரிசல் ஓடிடும். கண்ணாடி வெளிய வந்ததும் அது உக்காந்திருந்த பிரேமை நல்லா பாருங்க. பெயின்ட் கொப்புளிச்சிருந்தா சுரண்டி பிரைமர், பெயின்ட் அடிச்சு முழுசா காயணும், இதுல அவசரப்பட்டா புது ரப்பர் போட்டும் பிரயோஜனம் இல்ல.

புது ரப்பரை கொஞ்ச நேரம் வெயில்ல வெச்சா இளகும். அதை கண்ணாடியில மாட்டி, ரப்பரைச் சுத்தி வெளியில தெரியுற அலங்கார அலுமினிய பட்டியையும் இப்பவே ரப்பருக்குள்ள சொருகிடுங்க, கார்ல ஏத்துனப்புறம் அது போறது ரொம்ப கஷ்டம். அப்புறம் ரப்பரோட உள் உதட்டு (பிரேமை கவ்விப் பிடிக்குற ஓரம்) பள்ளத்துல சுத்திலும் நைலான் கயிறு விட்டு ரெண்டு முனையும் கீழ் நடுவுல ஒண்ணு மேல ஒண்ணா வர்ற மாதிரி தொங்கவிடுங்க.

சோப்பு தண்ணி தாராளமா தடவி, கண்ணாடியை வெளியிலேருந்து பிரேம் மேல வெச்சு, வெளிய ஒருத்தர் உள்ளங்கையால அமுக்க, உள்ள இருக்குறவர் கயிறை மெதுவா இழுத்தா உதடு பிரேம் மேல ஏறி உக்காரும். இறுகுச்சுன்னா நிறுத்துங்க, அந்த இடத்துல தட்டி இன்னும் சோப்பு போட்டு தொடருங்க. கடைசியா ஹோஸ் பைப்ல தண்ணி அடிச்சு, உள்பக்கம் கீழ் மூலைய விரலால தடவி ஈரம் இருக்கான்னு பாத்துக்கோங்க.