தாவோ ஆற்றோரம் சைக்கிளில்: போர்ச்சுகல் கிராமங்களுக்கு ஒரு முதல் பயணம்

போர்ச்சுகலில் சைக்கிள் பயணம் என்றதும் பலரும் அட்லாண்டிக் கடற்கரையைத்தான் நினைக்கிறார்கள். அங்கே கடற்காற்று எதிரே வீசினால் புதியவர்கள் பாதி நாளிலேயே களைத்துப்போவார்கள். முதன்முறை போகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது உள்நாட்டுப் பாதை ஒன்றை: வீசெயு நகரிலிருந்து சாந்தா கோம்பா தாவோ வரை செல்லும் ‘எகோபிஸ்தா தோ தாவோ’. 1890இல் திறக்கப்பட்ட குறுகிய அகல ரயில் பாதை அது. 1980களின் இறுதியில் ரயில் நின்றுபோனது. தண்டவாளங்களை அகற்றித் தார் போட்டு, 2011இல் சைக்கிள் பாதையாகத் திறந்தார்கள். நீளம் சுமார் 49 கிலோமீட்டர். ரயில் ஓடுவதற்காக வெட்டிய பாதை என்பதால் செங்குத்தான ஏற்றம் கிடையாது. குறுக்குச் சாலைகளைக் கடக்கும் இடங்களைத் தவிர வேறெங்கும் கார் தொல்லை இல்லை.

ஓரளவு பழகியவர் இதைக் காலையில் தொடங்கி மதியத்துக்குள் முடித்துவிடலாம். ஆனால் அப்படி ஓட்டிப் போகிறவர் மரங்களைப் பார்ப்பார், பாலங்களைப் பார்ப்பார், கிராமத்தைப் பார்க்க மாட்டார். இந்தப் பாதையில் பல பழைய ரயில் நிலையங்கள் ஊரிலிருந்து சற்றுத் தள்ளியே இருக்கின்றன. ஊர் வேண்டுமென்றால் பாதையை விட்டு விலகியே ஆக வேண்டும். அதனால்தான் இதை இரண்டு நாள் பயணமாக வகுத்திருக்கிறேன்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மே, ஜூன் அல்லது செப்டம்பர். என் தேர்வு செப்டம்பர் பிற்பகுதி. தாவோ, 1908 முதல் எல்லை வகுக்கப்பட்ட திராட்சை மது வட்டாரம். அறுவடைக் காலத்தில் ஊருக்கு ஊர் ஆட்கள் தோட்டத்தில் நிற்பார்கள், டிராக்டர்கள் பழத்தை ஏற்றிக்கொண்டு போகும், சந்துகளில் புளித்த சாற்றின் மணம் நிற்கும்.

ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். வெயில் ஒரு காரணம், காட்டுத்தீ அதைவிடப் பெரிய காரணம். பாதையைச் சுற்றி பைன், யூகலிப்டஸ் காடுகள் நிறைய. 2017 அக்டோபர் 15 அன்று பரவிய தீ, பாதை கடந்துபோகும் தொந்தேலா, சாந்தா கோம்பா தாவோ பகுதிகளைக் கடுமையாகத் தாக்கியது. எந்த மாதமானாலும் புகை தெரிந்தால் பயணத்தை நிறுத்துங்கள். அவசர எண் 112.

படி 2: வண்டி

வீசெயுவுக்கு இன்று ரயில் இல்லை. லிஸ்பன், போர்ட்டோ, கொயிம்ப்ரா நகரங்களிலிருந்து பேருந்தில்தான் போக வேண்டும். சொந்த வண்டியைக் கொண்டுபோவதைவிட அங்கே வாடகைக்கு எடுப்பது எளிது. முன்பதிவு செய்யும்போதே, வண்டியை மறுமுனையில் ஒப்படைக்கலாமா என்று கேட்டுவிடுங்கள்.

பாதை வழுவழுப்பானதுதான். கிராமத் தெருக்கள் அப்படியல்ல, கருங்கல் பாவியவை. ஆகவே மெல்லிய டயர் கொண்ட பந்தய வண்டி வேண்டாம். 35 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர், நல்ல கியர், இரண்டு தண்ணீர் பாட்டில், ஒரு மாற்று டியூப், பம்பு. இவை போதும்.

படி 3: கிளம்பும் முன் பத்து நிமிடம்

தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். இந்தியாவில் ஓட்டிப் பழகிய கைக்கு, வலக்கைப் பிடிதான் முன் பிரேக். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இடக்கைப் பிடி முன் பிரேக்கைப் பிடிக்கும். இறக்கத்தில் பழக்கதோஷத்தால் இடக்கையை இறுக்கினால் முன்சக்கரம் நின்று ஆளைத் தூக்கி எறியும். காலியான இடத்தில் மெதுவாக ஓட்டி, இரு பிரேக்குகளையும் தனித்தனியே பலமுறை பிடித்துப் பாருங்கள்.

இரண்டாவது, அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நெரிசலான சாலையில் இது மறக்காது, மற்ற வண்டிகளே நினைவூட்டிவிடும். ஆபத்து ஆளில்லாத கிராமச் சாலையில்தான். காபி குடித்துவிட்டு ஏறும்போது கை தானாக இடப்பக்கம் திருப்பும். ஒவ்வொரு முறை ஏறும்போதும் ‘வலம்’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு மிதியுங்கள். சைக்கிளைக் கடக்கும் கார் குறைந்தது ஒன்றரை மீட்டர் விலக வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். பெரும்பாலான ஓட்டுநர்கள் பொறுமையாகவே பின்னால் வருவார்கள்.

படி 4: முதல் நாள், வீசெயு முதல் தொந்தேலா வரை

வீசெயு மேட்டில் இருக்கிறது, சாந்தா கோம்பா தாவோ பள்ளத்தில். இந்தத் திசையில் ஓட்டினால் இடையிடையே சிறு ஏற்றங்கள் வந்தாலும் மொத்தத்தில் இறக்கமே. வழி தவறவும் வாய்ப்பில்லை. வீசெயு எல்லைக்குள் பாதை சிவப்பு நிறம், தொந்தேலா எல்லையில் பச்சை, சாந்தா கோம்பா தாவோவில் நீலம்.

நகரை விட்டு விலகியதும் வில்தெமொய்ஞோஸ். ஒருகாலத்தில் ஆலைக்காரர்கள் வாழ்ந்த ஊர். இங்கே சோளமாவு சேர்த்துச் சுடும் ‘ப்ரோவா’ ரொட்டி பெயர்பெற்றது. ஒன்று வாங்கிப் பையில் வையுங்கள், மாலை வரை தாங்கும். பிறகு தொர்ரெதேய்தா நிலையத்தில் பழைய நீராவி இன்ஜின் ஒன்றைப் பெட்டிகளோடு நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

தொந்தேலா ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் வரும். இரவு அங்கே தங்குங்கள். வெளிச்சம் மிச்சமிருந்தால் பக்கத்து ஊரான மொலேலோஸுக்குப் போய்வாருங்கள். தலைமுறைகளாகக் கருநிற மண்பாண்டம் வனையும் ஊர் அது. சூளையில் சுடும்போது காற்றை அடைத்துப் புகையை உள்ளேயே நிறுத்துவதால் களிமண் கருத்துவிடுகிறது.

படி 5: கிராமத்துக்குள் நுழைவது எப்படி

இந்தப் பயணத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. தூரத்தில் தேவாலயக் கோபுரம் தெரிந்தால் அதை நோக்கித் திரும்புங்கள். பாதையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டாம். கைபேசியில் இணையமில்லாமலும் வேலை செய்யும் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டால் திரும்பும் வழி கவலையில்லை.

ஊர் எல்லையில் வேகத்தைக் குறையுங்கள், சந்துகளில் இறங்கித் தள்ளிக்கொண்டே நடங்கள். மழை பெய்த கருங்கல் வழுக்கும் என்பதும் ஒரு காரணம். ஆனால் நடக்கிறவருக்கே ஊர் தன்னைக் காட்டும் என்பது முக்கியக் காரணம். கருங்கல் வீடு, வாசலுக்கு மேல் பந்தலாக ஏறிய திராட்சைக் கொடி, ஆள் உயரத் தண்டில் நிற்கும் முட்டைக்கோசு வகைக் கீரை, எல்லோருக்கும் பொதுவான துணி துவைக்கும் தொட்டி. இளையவர்கள் பலர் நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் போய்விட்டதால் திண்ணையில் இருப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். அவர்களைத் தாண்டும்போது பேசாமல் போவது மரியாதை அல்ல. மதியம் வரை ‘போம் தியா’, அதன்பின் ‘போவா தார்த்’. நன்றிக்கு ஆண்கள் ‘ஒப்ரிகாது’, பெண்கள் ‘ஒப்ரிகாதா’. படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

பல ஊர்களில் கல்லில் பதித்த குழாயில் ஊற்றுநீர் விழுந்துகொண்டிருக்கும். மேலே பலகை இருக்கிறதா என்று பாருங்கள். ‘நாவோ’ (அல்ல) என்ற சொல் உள்ள எச்சரிக்கை இருந்தால் குடிக்க வேண்டாம், முகம் கழுவ மட்டும் பயன்படுத்துங்கள்.

சாப்பாட்டுக்கு நேரம் முக்கியம். மதிய உணவு பன்னிரண்டரை முதல் இரண்டு மணி வரை. பிந்திப் போனால் அடுப்பு அணைந்திருக்கும். ஊர்க் காபிக்கடையில் ‘சோப்பா’ என்று கேட்டால் காய்கறிச் சூப் மலிவாகக் கிடைக்கும். சைவர்கள் ‘செம் கார்ன்’, அதாவது இறைச்சியில்லாமல், என்று சொல்லியே ஆக வேண்டும், ‘கால்து வேர்த்’ என்ற கீரைச் சூப்பில்கூடத் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும். கையில் ரொக்கம் வையுங்கள், சிறிய கடைகளில் வெளிநாட்டு அட்டை செல்லாமல் போகலாம். தோட்டக்காரர் யாராவது மது நீட்டினால் அன்றைய ஓட்டம் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம், மது அளவுச் சட்டம் சைக்கிளோட்டிகளுக்கும் பொருந்தும்.

படி 6: இரண்டாம் நாள், ஆறு

தொந்தேலாவுக்குப் பின் மிச்சம் குறைவு, ஆனால் அவசரப்படாதீர்கள். நாகொசேலா, த்ரெய்ஷேது தாண்டியதும் தாவோ ஆறு பக்கத்திலேயே வந்துவிடும். இந்தக் கடைசிப் பகுதிதான் பாதையின் மிக அழகான பகுதி என்பது என் உறுதியான கருத்து. ஒருபுறம் ரயிலுக்காகப் பிளந்த கருங்கல் சுவர், மறுபுறம் கீழே நீர். இந்த ஆறு கீழே அகியேய்ரா அணையின் நீர்த்தேக்கத்தில் மொந்தேகு ஆற்றோடு கலக்கிறது. அதனால் இறுதிக்கு வர வர ஓட்டம் அடங்கி ஆறு ஏரிபோல் அகலும். காலை வெளிச்சத்தில் இங்கே இருக்கும்படி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

பாதை முடியும் இடம் சாந்தா கோம்பா தாவோ ரயில் நிலையம். அது இருக்கும் விமியேய்ரோ, போர்ச்சுகலை நீண்டகாலம் சர்வாதிகாரியாக ஆண்ட சலாசார் 1889இல் பிறந்த ஊர். சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க: பிராந்திய ரயில்களில் இடமிருந்தால் சைக்கிளைக் கட்டணமின்றி ஏற்றலாம். நகரிடை விரைவு ரயில்களில் சைக்கிளுக்கான இடங்கள் மிகச் சில, டிக்கெட் வாங்கும்போதே அதையும் பதிவு செய்துவிடுங்கள். ரயில்கள் அடிக்கடி கிடையாது. முந்தைய இரவே கால அட்டவணையைப் பார்த்து, அதற்கேற்பத் தொந்தேலாவிலிருந்து கிளம்புங்கள்.