2024-ஐ திரும்பிப் பாக்குறது எப்படி?

மொதல்ல டிசம்பர்ல இருந்து ஆரம்பிக்காதீங்க, கடைசியா நடந்ததுதான் மண்டைல நிக்கும், குகேஷ் 18 வயசுல சிங்கப்பூர்ல செஸ் உலக சாம்பியன் ஆனது, அஷ்வின் திடீர்னு ரிட்டையர்மெண்ட் சொன்னதுன்னு அங்கேயே சுத்திட்டு இருப்போம். போன் கேலரிய ஜனவரில இருந்து தள்ளிட்டே வாங்க, போட்டோ தேதிய வச்சு அந்த வாரம் என்ன நடந்துச்சுன்னு தேடுங்க.

ஜூன் 4 எலெக்‌ஷன் ரிசல்ட், ஜூன் 29 பார்படாஸ்ல இந்தியா ஜெயிச்ச டி20 உலகக் கப்பு, இதெல்லாம் ஒரு வரி போதும் (எல்லாருக்கும் மனப்பாடம்). ஆனா ஜூலை 30 வயநாடு நிலச்சரிவ அப்டி தாண்டிடாதீங்க, முண்டக்கை, சூரல்மலைன்னு ஊர் பேரையாவது எழுதி வைங்க.

அப்புறம் ஃபெஞ்சல் புயல், நவம்பர் 30 புதுச்சேரி பக்கம் கரைய கடந்துச்சு, நாம சென்னைய பத்தியே பேசிட்டு இருந்தோம், அடி வாங்குனது விழுப்புரமும் திருவண்ணாமலையும்.