தங்க நானோ கரைசல் நீலமாகாமல் இருக்க

சிட்ரேட் முறையில் தயாரித்த தங்க நானோ துகள் கரைசல் அழகான ஒயின் சிவப்பில் இருக்கும். அதில் நேரடியாக உப்புள்ள பஃபரை (pH மாறாமல் வைத்திருக்கும் கரைசலை) ஊற்றிவிடாதீர்கள்! துகள்கள் விலகி நிற்பது சிட்ரேட் தரும் எதிர்மின்னேற்றத்தால்தான். உப்பு அதை மறைத்துவிட்டால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். கரைசல் ஊதாவாகி, நீலமாகி, கடைசியில் கறுப்பாக அடியில் படியும். அப்படித் திரண்டதை எவ்வளவு குலுக்கினாலும் பெரும்பாலும் மீட்க முடியாது.

முதலில் தயோல் பெக் (தங்கத்தில் ஒட்டும் கந்தக முனை கொண்ட பாலிமர்) அல்லது பிஎஸ்ஏ (மாட்டு இரத்தத்தில் உள்ள அல்புமின்) புரதம் சேர்த்து, துகள்மேல் நன்றாகப் படிய நேரம் கொடுங்கள். பிறகு உப்பைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். சந்தேகமிருந்தால் 1 மில்லிலிட்டரில் மட்டும் செய்து, ஒளி உறிஞ்சல் நிறமாலையில் 520 நானோமீட்டர் அருகே உள்ள உச்சம் அகன்று சிவப்புப் பக்கம் (நீண்ட அலைநீளம் நோக்கி) நகர்கிறதா என்று பாருங்கள்; நகர்ந்தால் துகள்கள் திரள்கின்றன என்று அர்த்தம். சேமிப்பது 4 டிகிரி செல்சியஸில். ஃப்ரீசர் மட்டும் வேண்டவே வேண்டாம், உறையும்போதே திரண்டுவிடும்.