பழைய எம்ஜி கார் போல்ட்டு ஒரிஜினலா? எனக்கு மரை கழண்ட கதை

தேவகோட்டையில ஒரு வீட்டு கார் ஷெட்ல எம்ஜி டிடிங்குற இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு நிக்கிது, 1952 மாடல், ஐயா ஓட்டுனது. இப்ப பேரன் அத எழுப்பணும்னு கெளம்பிட்டாரு, "எது ஒரிஜினல், எது மாத்துனதுன்னு பிரிச்சுக் குடுங்கண்ணே"ன்னாரு. நான் பாத்த வரிசையிலயே சொல்றேன்.

கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கங்க. வயர் பிரஷ், பஃபிங் வீல் ரெண்டையும் தூரமா வைங்க, போல்ட்டு தலையில இருக்குற எழுத்தே போயிரும். பழைய டூத் பிரஷ்ல மண்ணெண்ணெய் தொட்டு தேச்சா போதும்.

அடுத்து தலை. 8.8னு (மெட்ரிக் போல்ட்டோட பலத்தக் குறிக்கிற நம்பர்) போட்டிருந்தா பின்னாடி வந்தது, யோசிக்கவே வேணாம். ஸ்க்ரூல கூட்டல் குறிக்கு நடுவுல குட்டியா நாலு கோடு தெரிஞ்சா போசிட்ரைவ், அது 1960கள்ல வந்தது, 52 கார்ல அதுக்கென்ன வேலை.

அப்புறம் மரை. இங்கதான் நான் விழுந்தேன். இங்கிலீஷ் கார்தானே, எல்லாம் இஞ்ச் மரையாத்தான் இருக்கும்னு நெனச்சு எஞ்சின் போல்ட்ட அளந்தா 8 மில்லி மெட்ரிக்! எவனோ மாத்திட்டான்னு பதிமூணு போல்ட்ட பழைய இரும்பு டப்பாவுல போட்டுட்டேன். ஆனா அதுதான் ஒரிஜினல்! எம்ஜிக்குத் தாய்க் கம்பெனியான மோரிஸ் 1923ல கவென்ட்ரியில ஹாட்ச்கிஸ்ங்குற பிரெஞ்சு கம்பெனியோட எஞ்சின் ஃபேக்டரிய வாங்குச்சு, அந்த மெஷினெல்லாம் மெட்ரிக், அந்தப் பழக்கம் டிடியோட 1250 சிசி எக்ஸ்பிஏஜி எஞ்சின் வரைக்கும் வந்துருச்சு. மரை மெட்ரிக், தலை மட்டும் விட்வொர்த் (பழைய இங்கிலீஷ் இஞ்ச் அளவு), உள்ளூர் ஸ்பேனர் சேரணும்ல.

அதனால ரெண்டையும் சேத்துப் பாக்கணும். 13 ஸ்பேனர் உள்ள போகாது, 14 லொடலொடங்கும், கால் இஞ்ச் விட்வொர்த் கச்சிதமா உக்காரும் (வாய் 13.3 மில்லி). மரை பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம், 1.0 மில்லி. இப்ப கடையில சாதாரணமா கெடைக்குற எம்8 போல்ட்டு 1.25, அத அமுக்கி ஏத்துனா பிளாக் மரையே போயிரும்.

இன்னொரு வம்பு, 5/16 யூஎன்எஃப் (இஞ்ச் அளவு பொடி மரை) போல்ட்டு. தடிமன் 7.94 மில்லி, இஞ்சுக்கு 24 மரை, அதாவது பிட்ச் 1.06. மரை அளக்குற பிட்ச் கேஜ நாலு மரைக்கு மட்டும் வச்சா ரெண்டும் ஒண்ணு போலத் தெரியும். முழு நீளத்துக்கும் வச்சு வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாருங்க, கடைசியில பல்லு வெலகும். தேக்கு நெலை வாங்குறவங்க பின்பக்கத்த திருப்பிப் பாப்பாங்கல்ல, அந்தப் பொறுமை வேணும்.

பிட்ச் கேஜ் மெட்ரிக் ஒண்ணு, இஞ்ச் ஒண்ணு தனித்தனியா வாங்குங்க. அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் எனக்கு ஆகவே ஆகாது, தலைய உருட்டிரும்.

அப்டேட்: "என் டிடி சேசிஸ்ல 22 மரை வருதே, டூப்பா?"ன்னு ஒருத்தர் கமெண்ட்ல கேட்டாரு. இல்லங்க, அது பிஎஸ்எஃப் (இங்கிலீஷ்காரன் பொடி மரை), 5/16க்கு 22தான் சரி. மெட்ரிக் கதை எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும்தான், நான் தெளிவா எழுதல. லூகாஸ் கரன்ட் சாமான்ல குட்டி ஸ்க்ரூ பிஏங்குற (சின்ன ஸ்க்ரூவுக்கான இங்கிலீஷ் அளவு) மரையா இருக்கும், அதுவும் சரிதான். டைனமோவுல அடிச்சிருக்குற மாசம் வருஷத்தையும் பாத்துருங்க, கார் வந்த தேதிக்கு கொஞ்சம் முன்னாடி இருந்தா நல்லது.

டப்பாவுல போட்ட பதிமூணுல பதினொண்ணு கெடச்சிருச்சு. மீதி ரெண்டுக்கு காரைக்குடி லேத் பட்டறையில 8க்கு 1.0 மரை வெட்டுற டை இருக்கான்னு கேட்டு வச்சிருக்கேன்.