பனியில் விழுந்த நீல நிழல்: இம்ப்ரஷனிஸ்ட் ஓவியம் பார்க்கையில் சறுக்கும் இடங்கள்

வெளிச்சத்தையும் அதன் மாற்றத்தையும் பிடித்து வரைய முயன்ற இம்ப்ரஷனிஸ்ட் ஓவியர்களில் ஒருவர் பிரான்சின் மோனே. அவருடைய ‘மேக்பை’ ஓவியத்தை முதன்முதலில் பார்த்தபோது சோகமான படம் என்று முடிவு கட்டிவிட்டேன். பனி மூடிய வயல், ஆள் அரவம் இல்லை, ஏணி போன்ற படலின் மேல் மேக்பை என்ற ஒற்றைப் பறவை. (நம் வால்காக்கைக்குச் சொந்தம்தான்.) தனியாக உட்கார்ந்திருந்தால் சோகம்தானே? இப்படிக் கதையை வைத்து மனநிலையை ஊகிப்பதுதான் முதல் தவறு.

பறவையை விட்டுவிட்டு வேலியைப் பாருங்கள். வெயில் வேலிக்குப் பின்னாலிருந்து வருகிறது, நிழல் நம் பக்கம் விழுகிறது. நிழல் என்றால் கறுப்பு என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் இங்கே ஏமாந்துபோவோம். அது நீலம். நேர் வெயில் மறைந்த இடத்துக்கு வானத்தின் வெளிச்சம்தான் வந்து சேர்கிறது. வெண்பனி அதை அப்படியே காட்டிக்கொடுக்கிறது. வெயில் படும் பனியோ லேசாக மஞ்சள் ஓடிய வெண்ணெய் நிறம். இரண்டும் ஒட்டி ஒட்டி வருவதால் கண் கூசுகிறது. சோகமாவது ஒன்றாவது! 1869-இல் பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோன் இந்தப் படத்தை ஏற்கவில்லை.

போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பது இன்னொரு தவறு. கடைசியில் தீற்றல்தான் மிஞ்சும், வெயில் போய்விடும்.

இந்த மாதிரி ஓவியங்களை ‘ஒரே மூச்சில் வரைந்தது’ என்று சொல்வதையும் நம்ப வேண்டாம். 1890, 91-இல் தான் வாழ்ந்த ஜிவெர்னி கிராமத்தில் கதிர்ப்போர்களை மோனே சுமார் 25 முறை வரைந்தார். வெளிச்சம் மாற மாற அடுத்த கித்தானுக்குப் போவார்; அப்புறம் வீட்டு ஓவியக்கூடத்தில் வைத்து நிதானமாகத் திருத்துவார்.

படச் சட்டத்துக்குள் இருப்பதை மட்டும் பார்ப்பதும் தவறுதான். இன்னொரு இம்ப்ரஷனிஸ்ட் ஓவியர் பிஸ்ஸாரோ 1873-இல் வரைந்த ‘உறைபனி’யில் ஒரு கிழவர் சுள்ளிக்கட்டைச் சுமந்து போகிறார். உழுத வயலின் குறுக்கே நீள நீளமாகக் கோடுகள். 1874-இல் லூயி லெருவா என்ற விமர்சகர், அழுக்குத் துணியில் வண்ணத்தட்டைச் சுரண்டிப் போட்டது போலிருக்கிறது என்று கிண்டலடித்தார். அந்தக் கோடுகள் மரங்களின் நிழல். மரங்களைப் படத்துக்குள் தேடாதீர்கள், கிடைக்காது. அவை சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன.